மரியதாஸ் அண்ணையின் ஒற்றைச் செங்கல்

மரியதாஸ் அண்ணை காலமான செய்தி எனக்கு வட்ஸ்அப்பில் வந்தது. ரொறன்ரோவின் ஸ்ரீல்ஸ் வீதியில் ஒரு கராஜில் காருக்குக் குளிர்கால ரயர் மாற்றக் கொடுத்துவிட்டுக் கதிரையில் இருந்தேன். எங்கள் விளையாட்டுக் கழகத்தின் குழுமத்தில் யாரோ கும்பிட்ட கை ஒன்றைப் போட்டிருந்தார்கள். அதற்கு மேல் இன்னொரு கை. மேலே தள்ளித் தள்ளிப் போனால் கடைசியில் இருந்தது செய்தி: "எமது கழகத்தின் ஸ்தாபகத் தலைவர் இறைவனடி சேர்ந்தார்." எனக்கு முதல் பதினேழு பேர் கும்பிட்டு முடித்திருந்தார்கள். முந்தின ஞாயிற்றுக்கிழமைகூட அவர் வீட்டில் தேத்தண்ணி குடித்தவன் நான். எனக்குச் செய்தி வந்த வழியைப் பாருங்கள்.

அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. நெஞ்சில் சத்திரசிகிச்சை செய்ய நாள் குறித்திருந்ததாம். குழுமத்தில் பாதிப்பேருக்கு அது தெரிந்திருந்தது. "உங்களுக்குச் சொல்ல வேண்டாமெண்டவர்" என்றார் அவருடைய மனைவி றீற்றா அக்கா. ஏன் என்று கேட்டேன். பிறகு சொல்லுறன் என்று தொலைபேசியை வைத்துவிட்டார்.

அதே றீற்றா அக்காதான் முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு என்னை எழுதச் சொன்னார். "நீங்கள்தானே செயலாளர். எழுதிப் பழகின கை" என்றார். அந்தச் சொல்லில் இருந்த முள் அப்போது எனக்குக் குத்தவில்லை.

அவரை அறியாதவர்களுக்காகத் தொடக்கத்திலிருந்தே சொல்கிறேன். அண்ணை மன்னார்ப் பக்கம் பிறந்தவர். எண்பதுகளின் கடைசியில் கனடாவுக்கென்று புறப்பட்டு, புடாபெஸ்ற்றில் வந்து நின்றார். கூட்டிவந்த ஏஜென்ட் ரயில் நிலையத்தில் வைத்து, "பாஸ்போட்டைத் தா, நாளைக்கு வாறன்" என்று வாங்கிக்கொண்டு போனான். "அவன்ர நாளை இன்னும் விடியேல்லை" என்று அண்ணை சொல்லிச் சிரிப்பார். மூன்றாம் நாள் பசியோடு நடந்துபோகையில், ஒரு மதிலுக்கு அப்பால் பந்து உதைக்கும் சத்தம் கேட்டிருக்கிறது. உலகத்தில் அவருக்கு விளங்கிய ஒரே பாஷை அன்றைக்கு அதுதான். உள்ளே போனார். மைதானத்தைப் பராமரித்த கிழவர் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, சுண்ணாம்பு வாளியைக் கையில் கொடுத்துக் கோட்டைக் காட்டினார்.

"ஒரு சொல்லும் விளங்கேல்லை, சிவா. ஆனா கோட்டை நேரா இழுக்கத் தெரியுந்தானே."

அந்தக் கிழவரை எல்லோரும் பிஷ்டா பாச்சி என்பார்களாம். பாச்சி என்றால் நாங்கள் மாமா என்பதுபோல. பார்வையாளர் மேடைக்குக் கீழே இருந்த அறையில், பிஷ்டா பாச்சியின் அடுப்படியில், அண்ணை இரண்டு குளிர்காலம் இருந்தார்.

அந்தக் கழகத்தின் பெயரை நான் எழுதப்போவதில்லை. எந்தப் பெயரை எழுதுவது? நூறு வருடத்துக்கு முதல் செங்கல் சூளைத் தொழிலாளர்கள் தொடங்கியபோது ஒரு பெயர். பிறகு அரசாங்கம் அதைப் பிடித்து ஓர் அமைச்சின் கீழே போட்டபோது இன்னொரு பெயர். ஆட்சி மாறியதும் அந்தக் கம்பனி, இந்தக் கம்பனி என்று பெயருக்கு மேல் பெயர். முதற்பிரிவில் ஆடி, கிண்ணம் வென்று, சம்பளத்துக்கு ஆடுபவர்களை வைத்திருந்த பெரிய கழகம். ஆனால் சனங்கள் தொடக்கத்திலிருந்து இன்றுவரை கூப்பிடுவது 'செங்கல்காரர்' என்றுதான்.

அமைச்சு உடுப்பின் நிறத்தையும் பச்சையாக்கியதாம். செங்கற்சிவப்பில் துணி கொண்டுவந்தால் வாசலிலேயே பறிப்பார்கள். சனங்கள் என்ன செய்தார்கள்? செங்கல்லைத் தூளாக்கி உள்ளங்கையில் பூசிக்கொண்டு வந்தார்கள். ஆட்டக்காரர் மைதானத்துக்குள் வரும்போது எல்லோரும் கையை உயர்த்துவார்கள். கையை எப்படிப் பறிப்பது? அண்ணை இதைச் சொல்லும்போதெல்லாம் தன் கையையும் தூக்கிவிடுவார்.

கோல் கம்பத்துக்குப் பின்னால் இருந்த மதில்தான் அவர்களுடைய கோயில். ஒரு ரசிகர் செத்தால், கூட்டாளி ஒருவர் ஆணியால் அவருடைய பெயரை ஒரு செங்கல்லில் கீறவேண்டும். பிஷ்டா பாச்சி அதை மதிலில் வைத்துப் பூசுவார். அண்ணை அங்கிருந்த காலத்தில் அவரே பல கல் வைத்திருக்கிறார்.

அந்த மதிலில் உயிரோடு இருந்த ஒரு ஆளின் பெயரும் இருந்தது. நிறத்தை மாற்றும் கடிதத்தில் கையெழுத்துப் போட்ட கழக நிர்வாகி அவர். கையெழுத்துப் போட்ட மறுநாளே பிஷ்டா பாச்சி அவருடைய பெயரைக் கீறிக் கல்லை வைத்துவிட்டாராம். அந்த மனுசன் அதற்குப் பிறகும் வருடக்கணக்காக ஆட்டம் பார்க்க வந்தார். எல்லோரும் கைகொடுத்தார்கள், சுகம் விசாரித்தார்கள்.

"அப்ப அவருக்கு ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்லையோ?" என்று கேட்டேன்.

"ஏன் சொல்லோணும்? செத்த ஆளோட என்ன சண்டை?"

நான் வயிறு நோகச் சிரித்தேன். அப்போது நாங்கள் இருவரும் ஸ்காபரோவில் ஒரு பிளாஸ்ரிக் தொழிற்சாலையில் ஒரே மேசையில் பொதி கட்டிக்கொண்டிருந்தோம். எத்தனை தடவை அந்தக் கதையைத் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டிருப்பேன்!

புடாபெஸ்ற்றை விட்டு வெளிக்கிடும்போது பிஷ்டா பாச்சி அவருக்கு ஒன்றும் எழுதாத ஒரு செங்கல்லைக் கொடுத்து, போகிற இடத்தில் மதில் கட்டச் சொன்னாராம். ரொறன்ரோ விமான நிலையத்தில் அண்ணையின் பையில் இருந்தவை ஒரு ஜக்கெற், ஒரு சிவப்பு வெள்ளைக் கழுத்துத்துணி, அதில் சுற்றிய அந்தக் கல். அதிகாரி கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு இது என்ன என்று கேட்டிருக்கிறார். "கல்லு, சேர்" என்றாராம் அண்ணை. வேறு என்னத்தைச் சொல்வது!

ஸ்காபரோவின் மல்வேர்ன் பகுதியில் நாங்கள் கழகம் தொடங்கியபோது அவர் இரண்டே நிபந்தனை வைத்தார். உடுப்பு செங்கற்சிவப்பும் வெள்ளையும். பெயர் செங்கல் விளையாட்டுக் கழகம். ஊர்ச்சங்கங்களின் கோடைகாலச் சுற்றுப்போட்டிகளில் மற்ற அணிகள் எங்களை நக்கலடித்தன. "மேசன்மார் வந்திட்டினம், சாந்து குழையுங்கோடா" என்பார்கள். ஒருமுறை அப்படிச் சொன்ன அணிக்கு நாலு கோல் அடித்தோம். அண்ணை எழும்பி, "கட்டிடம் முடிஞ்சுது, குடிபுகலாம்" என்றார். இருபது வருடம் அவர்தான் தலைவர், நான் செயலாளர்.

பிறகு ஒருநாள் வேலைக்கு வந்தவர் சாப்பாட்டறையில் பெட்டியைத் திறக்காமலே இருந்தார். "எங்கட கழகத்தைப் பிடுங்கிக்கொண்டு போட்டாங்கள், சிவா" என்றார். ஒரு பணக்காரர் வாங்கி, கழகத்தைத் தன்னுடைய ஊருக்குக் கொண்டுபோய்விட்டார். புதுப் பெயர், புது நிறம். பழைய மைதானத்தில் கார் நிறுத்த இடம் வேண்டுமென்று மதிலை இடித்துவிட்டார்கள். இடையில் இறந்துபோன பிஷ்டா பாச்சியின் பெயர் கீறிய கல்லும் அதில்தான் இருந்தது. சனங்கள் இடிபாட்டில் பொறுக்கிய கல்லுகளோடு போய், ஒரு பள்ளிக்கூட மைதானத்தில், கடைசிப் பிரிவில் புதிதாகத் தொடங்கியிருந்தார்கள்.

"கிண்ணமெல்லாம் ஆரிட்ட அண்ணை?"

"கிண்ணம் அவனிட்ட. ஆக்கள் எங்களிட்ட."

"அப்ப எது உண்மையான கழகம்?"

"நிறம் எங்க நிக்குதோ அங்க" என்றார். அன்றைக்குத்தான் அவர் அழுததைப் பார்த்தேன்.

இனி எழுதப்போவதை எழுதத்தான் எனக்கு முப்பது நாளும் பிடித்தது.

நாலு வருடத்துக்கு முதல் எங்கள் கழகத்துக்கு அனுசரணை தர ஒரு வீட்டு முகவர் முன்வந்தார். குளிர்காலம் முழுவதும் பிள்ளைகள் விளையாட உள்ளக மைதானம் எடுத்துத் தருவார். பதிலுக்கு உடுப்பு அவருடைய விளம்பரப் பலகையின் மயில்நீலத்துக்கு மாறவேண்டும், முதுகில் அவருடைய படம் வரவேண்டும். என்னுடைய மல்வேர்ன் வீட்டை நல்லபடி விற்று, மில்லிக்கனில் எனக்கு வீடு பிடித்துத் தந்தவரும் அவர்தான். புதுவீட்டுக் குடிபூரலுக்கு வந்து, "செயலாளர் மனம் வைச்சா நடக்கும்" என்று தோளில் தட்டினார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

செயற்குழுவில் ஏழு பேர். வோபர்னில் ஒரு சாப்பாட்டுக்கடையின் பின்னறையில் கூட்டம். அண்ணைக்கு முழங்காலில் சத்திரசிகிச்சை செய்து நாலு நாள்தான் ஆகியிருந்தது. தொலைபேசியில் சொன்னார்: "என்னால வரேலாது. என்ர வாக்கு எதிர். எனக்கும் சேத்து நீ கையைத் தூக்கு."

"ஓம் அண்ணை, நான் பாத்துக்கொள்ளுறன்" என்றேன்.

மூன்று பேர் மாற்றத்துக்கு ஆதரவாகக் கையைத் தூக்கினார்கள். நாலாவது கை என்னுடையது. இரண்டு பேர் எதிர். அண்ணையின் வாக்கைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. நான் எதிர்ப்பக்கம் நின்று அவருடைய வாக்கையும் சொல்லியிருந்தால் மூன்றுக்கு நாலு, நிறம் நின்றிருக்கும். கூட்டறிக்கையை எழுதியவனும் நான். எங்கள் சங்கங்களில் கதிரை எறிந்து சண்டை பிடித்தாலும் அறிக்கையில் 'ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது' என்றுதான் எழுதுவோம். அது கைப்பழக்கம். நானும் அப்படியே எழுதிக் குழுமத்தில் போட்டேன். தலைவர் என்று அவருடைய பெயர் மேலே, ஏகமனதாக என்று கீழே. தன் கழகத்தின் நிறத்தை அவரே சம்மதித்து மாற்றியதாக இருபத்துச் சொச்சம் குடும்பம் வாசித்தது.

அடுத்த ஞாயிறு ஏச்சு வாங்கத் தயாராகத்தான் போனேன். "அறிக்கை வாசிச்சனான்" என்றார். அவ்வளவுதான். தேத்தண்ணி ஊற்றித் தந்தார், சீனி காணுமோ என்று கேட்டார். முழங்காலைச் சாட்டாகச் சொல்லித் தலைவர் பதவியை விட்டுவிட்டார், மைதானத்துக்கு அதன்பிறகு வரவேயில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை தேத்தண்ணி நிற்கவில்லை. நாலு வருடம்! மன்னித்துவிட்டார், பெரிய மனம் என்று நினைத்துக்கொண்டேன். அந்தச் செங்கல் அவருடைய வாசற்கதவடியில் எப்போதும்போலக் கிடந்தது. பனிக்காலத்தில் என் சப்பாத்தை அதன்மேல்தான் காய வைப்பேன்.

உடலைப் பார்வைக்கு வைத்த அன்று கழகத்தார் மயில்நீலக் கொடியோடு வந்தார்கள், பெட்டியின்மேல் போர்த்த. அண்ணையின் கழுத்தில் பழைய சிவப்பு வெள்ளைத் துணி சுற்றியிருந்தது. றீற்றா அக்கா கையை நீட்டி மறித்தார்.

"உது ஆரின்ர கொடி?"

"எங்கட கழகக் கொடி, அன்ரி" என்றான் புதுத் தலைவர் பொடியன்.

"எனக்கு உந்தக் கழகத்தைத் தெரியாது, தம்பி. மடிச்சு வைச்சிட்டு வந்து இருங்கோ. சாப்பிட்டிட்டுப் போகலாம்."

கொடி மடிந்தது. ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை.

அடக்கம் முடிந்து ஒரு கிழமையால் றீற்றா அக்கா கூப்பிட்டார். வாசலில் வைத்தே செங்கல்லை என் கையில் தந்தார். "இது உங்கட. கொண்டு போங்கோ." சுவரைப் பார்த்துக் கிடந்த பக்கத்தைத் திருப்பினேன். ஆணியால் ஆழமாகக் கீறியிருந்தது: சிவா.

"எப்ப கீறினவர் அக்கா?"

"அறிக்கை வந்ததுக்கு அடுத்த நாள். கால் ஏலாமல் இருந்துகொண்டு பின்னேரம் முழுக்கக் கீறினவர். ஏன் அந்தாளோட கதைச்சுத் தீர்க்கலாமேயெண்டு கேட்டனான். செத்த ஆளோட என்ன சண்டையெண்டார்."

நாலு வருடம் அந்த வீட்டில் தேத்தண்ணி குடித்தது ஒரு பிரேதம். சீனி காணுமா என்று கேட்டது ஒரு பிரேதத்தை. நான் செய்தது துரோகம்தான், தலைகுனிகிறேன். ஆனால் அண்ணை, நீங்கள் செய்தது என்ன? ஒரு ஏச்சு, கன்னத்தைப் பொத்தி ஒரு அடி, எதற்கும் நான் பெறுமதி இல்லையா? ஒவ்வொரு ஞாயிறும் சிரித்துக்கொண்டு என்னை வழியனுப்பினீர்களே! இருபத்தாறு வருடக் கூட்டாளிக்குச் செய்கிற வேலையா அது?

கல்லைக் காரின் முன் ஆசனத்தில் வைத்தேன். ஆள் இருக்கிறதாக நினைத்துக் கார் கத்தத் தொடங்கியது. ஆசனப் பட்டியை இழுத்துக் கல்லுக்குக் கட்டிக்கொண்டு மில்லிக்கனுக்கு வந்தேன்.

செயலாளர் என்ற முறையில் இந்த மலரில் அறிக்கையைத் திருத்துகிறேன். அந்தத் தீர்மானம் ஏகமனதானது அல்ல. தலைவர் திரு. மரியதாஸ் அவர்களின் வாக்கு எதிர். அது என்னிடம் இருந்தது, நான் கொடுக்கவில்லை.

செத்தவரின் பெயரைக் கூட்டாளிதான் கீறவேண்டும் என்பது அவர்கள் வழக்கம். நேற்று மத்தியானம் வீட்டுக் கராஜில் இருந்துகொண்டு, என் பெயருக்குக் கீழே உங்கள் பெயரைக் கீறினேன், அண்ணை. இடம் போதுமானதாக இருந்தது. கை பழக்கமில்லாததால் எழுத்து கோணல், உங்கள் கோடுபோல நேராக வரவில்லை. இப்போது இரண்டு பேரும் ஒரே கல்லில் இருக்கிறோம். செத்த ஆளும் செத்த ஆளும் சண்டை பிடிக்கலாம்தானே.

இனியாவது என்னை ஏசுங்கோ.