கொக்கி இறங்கினாள்

என் நாத்தனாருக்குத் துறைமுகத்தில் வைத்த பெயர் கொக்கி. கிரேன் ஓட்டுகிறவள்; அவள் இறக்கும் பெட்டி தரையைத் தொட்டால் சத்தமே கேட்காது. ஆனால் அவளுடைய பெருமை அதில் இல்லை. காலையில் ஏணி ஏறினால் மதியச் சாப்பாட்டுக்குத்தான் இறங்குவாள். கழிப்பறை கீழே இருப்பதால் தண்ணீரே குடிக்க மாட்டாள். அடிக்கடி இறங்கும் மாற்று ஓட்டுநருக்கு ‘ஓட்டைப் பானை’ என்று பெயர் வைத்ததும் அவள்தான்.

அந்தப் பெருமையோடு கூடவே நீர்க்கடுப்பும் வந்துகொண்டிருந்தது. கடுத்தால் பழைய அட்டையிலிருந்து இரண்டு மாத்திரை. எரிச்சல் அடங்கியதும் மீதியை அடுத்த தடவைக்கு எடுத்து வைப்பாள். நோயாளிகளைக் கவனிக்கும் வேலையிலேயே தலை நரைத்தவள் நான். திட்டிப் பார்த்தேன். செவிடன் காதில் ஊதிய சங்கு.

இந்த ஆண்டு வேலைக்கான உடல் பரிசோதனையில், சிறுநீரில் கிருமி என்று முடிவு வந்தது. மருத்துவர் கையெழுத்துப் போடாமல் ஏணியில் கால் வைக்க முடியாது. நேரே என் சமையலறைக்கு வந்தாள்.

“அண்ணி, இருக்கறதுலயே பெரிய மாத்திரையா சொல்லுங்க. ஒண்ணு விடாம சாகணும்.”

“இப்ப எரியுதா?”

“இல்ல.”

“காய்ச்சல்? இடுப்பு வலி? அடிக்கடி முட்டிக்கிட்டு வருதா?”

“ஒண்ணும் இல்ல. ஆனா கிருமி இருக்கே!”

“இருந்துட்டுப் போகட்டும். வா, டாக்டரையே கேட்போம்.”

மருத்துவரும் அதே கேள்விகளைக் கேட்டார். மாத்திரை எழுதவில்லை. கொக்கிக்கு மூக்குமேல் கோபம்.

“அப்ப இவ்வளவு நேரம் வரிசையில உக்காந்தது காத்து வாங்கவா?”

அவர் சிரித்தார். நல்ல உடம்புக்காரர்களின் சிறுநீர்ப்பையிலும் கிருமிகள் குடியிருக்கின்றன, எல்லாமே கெட்டவை அல்ல என்றார். சில கிருமிகள் கெட்டவற்றை அண்டவிடாமல் தடுக்கலாம். அது இன்னும் முழுதாகத் தெரியவில்லை. கர்ப்பிணிகளுக்கும் சில அறுவை சிகிச்சைக்குப் போகிறவர்களுக்கும் கதை வேறு. உங்களுக்குத் தொந்தரவே இல்லாதபோது மருந்து போட்டால், மருந்துக்கு மசியாத கிருமிதான் மிஞ்சும் என்றார்.

கொக்கி யோசித்தாள். “நாங்க பெட்டி அடுக்கற யார்டு மாதிரிதான். நம்ம பெட்டியெல்லாம் எடுத்துட்டா கண்ட வண்டியும் உள்ள வந்து நிக்கும்.”

“அப்படியே வச்சுக்கங்க. ஆனா கடுப்பு வந்தா உடனே வரணும். சோதனை பண்ணிட்டு, சொன்ன நாள் வரைக்கும் மாத்திரை சாப்பிடணும். மிச்சம் வைக்கற வேலை கூடாது. மேல இருக்கும்போது குளிர்காய்ச்சல் வந்தா அந்தப் பெட்டி யார் தலையில இறங்கும்?”

அவர் பேனாவைத் திறந்தார்.

“தண்ணி குடிக்கணும், அடக்காம இறங்கணும். சம்மதம்னா கையெழுத்துப் போடறேன்.”

பேனா காத்திருந்தது. அவள் என்னைப் பார்த்தாள்.

“கிரேன் இருக்கை வேணுமா, பெருமை வேணுமா?” என்றேன்.

“இருக்கை” என்றாள், பல்லைக் கடித்துக்கொண்டு.

வீட்டுக்கு வந்ததும் பழைய மாத்திரை அட்டைகளைப் பிடுங்கிக்கொண்டேன்.

மறுநாள் வேலைக்கு நடுவில் தண்ணீர் தன் வேலையைக் காட்டியது. இருக்கையில் மாற்றி உட்கார ஆள் வேண்டும். இருந்தவர், அவள் பட்டப்பெயர் வைத்த அந்த மாற்று ஓட்டுநர் ஒருவர்தான். கீழே இறங்கி அவர் எதிரில் போய் நின்றாளாம்.

“அண்ணே, கொஞ்சம் மேல போய் உக்காருங்களேன்.”

அவர் நிதானமாகக் கையுறையை மாட்டிக்கொண்டே, “ஏன் தங்கச்சி, இப்ப எந்தப் பானை ஒழுகுது?” என்றாராம்.

“ரெண்டும்தான். சீக்கிரம் ஏறுங்க!”