ஜபக் கம்பளியில் ஒரு யானை

கை சும்மா இருந்தால் ரத்தினபாய்க்குத் தலை வலிக்கும். தாம்பரத்தில் பஸ்ஸுக்கு நிற்கும்போதுகூடப் புடவைத் தலைப்பின் நூலை உருவி முடிச்சுப் போட்டுக்கொண்டிருப்பாள். சர்ச்சில் பிரசங்கம் நீண்டால், முன்னால் உட்கார்ந்திருக்கும் பெண்ணின் ரவிக்கை முதுகில் மனசுக்குள்ளேயே ஒரு கொடி போடத் தொடங்குவாள். எல்லோரும் ஆமென் சொல்லும்போது கொடி இடுப்புவரை இறங்கியிருக்கும்.

"உனுக்கு ஊசிப் பிசாசு புட்ச்சிக்கினு கீதுடி" என்பான் அவள் கணவன் லாசரஸ்.

பல்லாவரத்தில் பிறந்தவள். அப்பாவுக்குத் தோல் பதனிடும் ஷாப்பில் வேலை. ஆட்டுத் தோலில் சுண்ணாம்பு பூசி வழித்தெடுத்த ரோமம் கொட்டகைக்குப் பின்னால் மலைமாதிரிக் கிடக்கும். அதில் உருண்டு வளர்ந்த பெண் அவள். அந்த வாடை தனக்குப் பழகிப்போனதுதான் பின்னால் அவளுக்கு வினையாயிற்று. அது மற்றவர்களுக்கு நாற்றம் என்று அவள் மூக்கு அவளுக்குச் சொல்லவேயில்லை.

எம்பிராய்டரியில் கவர்மெண்ட் பரீட்சை பாஸ் பண்ணி, எண்பத்தொன்றில் சேலையூர்ப் பக்கம் ஒரு பெண்கள் பள்ளியில் தையல் டீச்சராகச் சேர்ந்தாள். பாடம் வருஷா வருஷம் ஒன்றுதான். கைக்குட்டை மூலையில் பூ, தலையணை உறையில் கிளி. கிளியின் உடம்புக்கு சாட்டின் தையல், அது உட்கார்ந்த கொம்புக்குச் சங்கிலித் தையல். ஒருநாள் ஒரு பெண் எழுந்து, "கிளி ஏன் டீச்சர் எப்பவும் வலது பக்கமே பாக்குது?" என்று கேட்டுவிட்டது. ரத்தினபாய்க்கு அன்று முழுக்க நிலைகொள்ளவில்லை. மறுவாரம் டிரேஸிங் பேப்பரையெல்லாம் சுருட்டி மேலே போட்டுவிட்டு, அவரவர் வீட்டு வாசலில் பார்த்ததைத் தைக்கச் சொன்னாள். ஒருத்தி அடிபம்பு தைத்தாள். ஒருத்தி, டயரில் படுத்திருக்கும் நாய். தலைமையாசிரியை அந்த நாயை வெகுநேரம் பார்த்தார்.

"மிஸஸ் லாசரஸ், இன்ஸ்பெக்‌ஷனுக்கு எனக்குக் கிளிதான் வேணும்."

கிளி திரும்பி வந்தது. ரத்தினபாய்தான் அங்கே இருந்தும் இல்லாதவள் மாதிரி ஆனாள்.

லாசரஸ் கிண்டி வேலையை விட்டு மறைமலை நகரில் ஒரு தொழிற்சாலைக்கு மாறியது எண்பத்தேழில். பஸ்ஸுக்கும் காருக்கும் தரையடியில் விரிக்கும் கம்பளி அட்டை செய்கிற இடம். அங்கே ஒரு மிஷினில் ஆயிரக்கணக்கான ஊசிகள் ஒரே சமயத்தில் ஏறி இறங்கி, பஞ்சைக் குத்திக் குத்தியே கெட்டியாக்கும். நெய்வதும் இல்லை, தைப்பதும் இல்லை. கழித்துப்போட்ட ஊசி ஒன்றைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு வந்தான்.

"பாரேன், காது கெடையாது. ஒடம்பு பூரா முள்ளு. உன்ன மாதிரியே."

அவள் திட்டக்கூட இல்லை. கொஞ்சம் ஆட்டு ரோமத்தை உருட்டிக் குத்திப் பார்த்தாள். முள் இழைகளை உள்ளே இழுத்துக்கொண்டு போயிற்று. மறுபடி குத்தினாள். புசுபுசுவென்று இருந்தது இறுகி, ஓரம் கொண்டு, ஒரு மூக்காயிற்று. நூலும் துணியும் இல்லாமல் வெறும் குத்தில் ஒரு மூக்கு! அன்று அடுப்பில் சோறு குழைந்து கஞ்சியானது.

அதற்கப்புறம் பல்லாவரத்திலிருந்து வீட்டுக்குள் மூட்டை மூட்டையாக ரோமம் வந்தது. பூந்திக்கொட்டை போட்டு அலசிக் காயப்போடுவாள். அலசினாலும் மழை வந்தால் வாடை எழுந்துகொள்ளும். இரும்புலியூரில் வீட்டைக் காலி பண்ணும்படி வீட்டுக்காரர் பக்குவமாகச் சொன்னார். பெருங்களத்தூரில் பக்குவம் இல்லாமல் சொன்னார்கள். சிட்லபாக்கத்தில் சொல்லவேயில்லை, தண்ணீரை நிறுத்திவிட்டார்கள். தொண்ணூற்றொன்றில் சேலையூரில், கேம்ப் ரோட்டை ஒட்டிய ஒரு காலனியில் மாடிப் போர்ஷன் கிடைத்தது. மொட்டைமாடியில் ஆஸ்பெஸ்டாஸ் போட்ட கொட்டகை வேறு. சாமான் ஏற்றி முடித்த கையோடு லாசரஸ் சொல்லிவிட்டான்:

"இதான் கடைசி. இன்னொரு தபா மூட்ட கட்டச் சொன்ன, ஒன்ன மூட்டயோட உட்டுட்டு எங்கம்மா வூட்டுக்குப் போயினே இருப்பேன்."

ரத்தினபாயும் அதையே கடைசி என்று நம்பினாள். நம்பிக்கையில் பள்ளி வேலைக்கு ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு, கொட்டகையில் சனிக்கிழமை வகுப்பு ஆரம்பித்தாள். நர்ஸ் செல்வமேரி வந்தாள். பக்கத்துத் தெருக்களிலிருந்து இன்னும் சில பெண்கள் வந்தார்கள். ஒரு பாதி எம்பிராய்டரி, ஒரு பாதி கம்பளிக் குத்து. ஓரிடத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க அவளால் முடியாது. சுற்றிச் சுற்றி வருவாள். ஒவ்வொருத்தி கையிலிருப்பதையும் வெடுக்கென்று பிடுங்கி, அடியில் வைத்துக் குத்தும் பஞ்சு மெத்தையிலிருந்து தூக்கி, புரட்டிப் பார்த்து, திரும்ப வைத்துவிட்டுப் போவாள்.

"டீச்சர் கையில சுளுக்கே வராதா?" என்பாள் செல்வமேரி.

கீழே வீட்டுக்காரர் ஸ்ரீநிவாசன். டெலிபோன் இலாகா. அவர் மனைவி அபிதகுஜாம்பாள். ஒரே மகன் வெளியூரில் ஹாஸ்டலில் படித்தான். மாமி முதலில் அரிசி பொறுக்குகிற சாக்கில் மாடிப்படியில் முறத்தோடு உட்கார்ந்தாள். பிறகு முறம் கீழேயே இருந்தது, மாமி மட்டும் மேலே வந்தாள்.

ஸ்ரீநிவாசனுக்கு மூக்கு கூர்மை.

"டீச்சர், தப்பா நினைச்சுக்காதீங்கோ. இந்த வாசனை பூஜையறை வரைக்கும் வர்றது."

மாமி குறுக்கே புகுந்தாள். "கம்பளிக்கு ஏதுன்னா தீட்டு? நீங்க ஜபத்துக்கு உக்கார்றதும் கம்பளிதானே?"

"அது உயிரோட இருக்கற ஆட்டுலேர்ந்து கத்தரிச்சது. இது செத்த தோல்லேர்ந்து வழிச்சது. ரெண்டும் ஒண்ணாடி?" அவர் ரத்தினபாய் பக்கம் திரும்பினார். "மழை வரட்டும். ஈரத்துல எப்படி இருக்குன்னு பாத்துட்டுச் சொல்றேன்."

அந்த வருஷம் மழை ஐப்பசி பிறந்ததுமே பிடித்துக்கொண்டது. ரத்தினபாய் ரோமத்தை இரண்டாம் தரம், மூன்றாம் தரம் அலசினாள். வெட்டிவேரைப் போட்டுக் கட்டினாள். ஸ்ரீநிவாசனின் ஸ்கூட்டர் சத்தம் கேட்டால் மூட்டையைத் தார்ப்பாயால் மூடுவாள், அது போனதும் திறப்பாள். அவர் படியருகே நின்று மூச்சை இழுப்பது மாடிவரை கேட்கிற மாதிரி இருக்கும். "மனுசன் மூச்சு உடறதுக்கெல்லாமா பயப்படுவ?" என்றான் லாசரஸ். அவனும் படியில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டுதான் ஏறினான்.

கார்த்திகையில் ஒரு மத்தியானம், தூறலில் நனைந்தபடி மாமி மேலே வந்தாள். கையில் பிளாஸ்டிக் ஷீட்டில் சுற்றிய ஏதோ கனமான பொருள். கொட்டகையில் யாருமில்லை என்று பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்:

"டீச்சர், யானை எழுந்துக்க மாட்டேங்கறது."

ரத்தினபாய் சிரித்தேவிட்டாள். "எந்த யானை மாமி?"

மாமி ஷீட்டைப் பிரித்தாள். நாலாக மடித்த பழைய வெள்ளைக் கம்பளி. அதன் நடுவில் பழுப்பு ரோமத்தில் ஒரு யானை, நடந்துகொண்டே காதை விசிறியது. ரத்தினபாய் விளிம்பைப் பிடித்துத் தூக்கினாள். யானையோடு கம்பளி மொத்தமும் வந்தது. புரட்டினாள். நாலு மடிப்பையும் துளைத்துக்கொண்டு பழுப்பு ரோமம் அடியில் மூன்றுநாள் தாடி மாதிரி முளைத்திருந்தது. மடிப்பைப் பிரிக்க வரவில்லை.

"இது சாரோட..."

"ஜபக் கம்பளி. மாமனார் காசியிலேர்ந்து கொண்டு வந்தது. ஆத்துல மெத்தையா வேற ஒண்ணும் கிடைக்கலை. அவர் டூர் போனப்புறம் எடுத்தேன், முடிச்சதும் யானையைத் தனியா எடுத்துடலாம்னு... ரெண்டு நாள் ஆச்சு. நாளைக்குக் கார்த்தால வந்துடுவார்."

"நடுநடுவுல தூக்கணும் மாமி! நாலு குத்துக்கு ஒரு தபா தூக்கணும். இல்லாட்டி அடியில இருக்கறதோட சேந்துக்கும். கம்பளிமேல கம்பளி வெச்சா கேக்கவே வேணாம்."

"அதை நீங்க சொல்லவேயில்லையே டீச்சர்."

சொல்லவில்லைதான். வகுப்பில் யார் கையிலிருப்பதும் ஒட்டிக்கொள்ள இவள் விட்டதில்லை. பொறுமையில்லாமல் இவளே எல்லாவற்றையும் பிடுங்கிப் பிடுங்கித் தூக்கிக்கொண்டிருந்தாள். தூக்குவது ஒரு வேலை என்றே ஒருத்திக்கும் தெரியாது.

ரத்தினபாய் பிளேடை எடுத்தாள். "மேலாப்ல செரைச்சுடலாம். வெளிய தெரியாது. மடிப்ப மெதுவாப் பிரிச்சுடலாம். ஆனா உள்ள போனது போனதுதான்."

"உள்ள இருக்கறது அவருக்குத் தெரியுமோ?"

"எனக்கும் உங்களுக்கும்தான் தெரியும்."

"அப்போ செரைச்சுடுங்கோ."

வாலிலிருந்து ஆரம்பித்தாள். வால் போயிற்று. பின்னங்கால் பாதி போயிற்று. மாமி பார்க்காமல் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காதுக்கு வந்ததும் ரத்தினபாயின் கை தானாக மெதுவானது. தன்னிடம் படித்தவர்களில் ஒருத்தி கூட இப்படி ஒரு காது செய்ததில்லை. ஓரம் மெலிந்து, அடி தடித்து, காற்றில் இருக்கிற காது. நாளைக்கு இந்தக் கொட்டகை வேண்டுமென்றால் இன்று இந்தக் காது இருக்கக்கூடாது. பிளேடைச் சாய்த்தாள்.

"வேண்டாம்" என்று மாமி பிளேடின்மேல் கையை வைத்தாள்.

"மாமி?"

"காதை விட்டுடுங்கோ. கல்யாணமாகி இந்தாத்துக்கு வந்தப்புறம் சமையலைத் தவிர நான் பண்ணினது இது ஒண்ணுதான்."

"யோசிச்சுக்குங்க மாமி. எனக்கு வீடு போயிரும்."

"தெரியும்" என்றாள் மாமி. கண் கலங்கியிருந்தது. ஆனால் பிளேடு மேலிருந்த கையை எடுக்கவில்லை.

மறுநாள் காலை மாமியே கம்பளியை எடுத்துக்கொண்டுபோய் அவர்முன் வைத்தாள். ரத்தினபாயும் கூடவே இறங்கி நடைவாசலில் நின்றாள். மாடியிலிருந்து காதைத் தீட்டிக்கொண்டிருக்க அவளால் முடியவில்லை.

ஸ்ரீநிவாசன் குனிந்து பார்த்தார். "என்னது இது?"

"யானை."

"அது தெரியறது. எதுமேல?"

அவர் ரத்தினபாயிடம் வந்தார். குரல் உயரவில்லை.

"இதுல இருக்கறது அந்தப் பல்லாவரத்துக் கம்பளியா?"

இல்லை, ஊட்டியிலிருந்து வந்தது என்று சொல்லலாம். உயிருள்ள ஆட்டில் கத்தரித்தது என்று சொல்லலாம். அவர் நம்பக்கூடும். நம்பத்தான் காத்துக்கொண்டிருந்தார் போலவும் இருந்தது. நம்பிவிட்டால், தினமும் காலையில் அதன்மேல் உட்காருவார்.

"ஆமா சார்."

"எடுக்க முடியுமா?"

"முடியாது சார்."

அவர் கம்பளியைத் தொடவில்லை. "அப்பா தோள்ல போட்டுண்டே ரயில்ல வந்தார்" என்றார். பிறகு, "தை பொறந்ததும் வேற இடம் பாத்துக்கோங்கோ டீச்சர்."

"டீச்சர் எங்க போனாலும் சனிக்கிழமை நான் அங்க போவேன்" என்றாள் மாமி.

"எப்படிப் போவே?"

"பஸ்ஸுல."

"பஸ்ஸுல!" என்றார் அவர்.

லாசரஸிடம் சொன்னபோது அவன் சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்தான். "ஒரு பொய்யி. சின்னதா ஒன்னு. வரலியா வாயில?"

"வந்துச்சு. அவரு தெனம் அதுமேல ஒக்காந்து கண்ண மூடுவாரு. நானு மேல இருந்துக்கினு அத நெனச்சிக்கினே கெடப்பேன்."

"இப்ப மட்டும் நிம்மதியாக் கெடக்கப் போறியாக்கும்."

"நீ உங்கம்மா வூட்டுக்குப் போறியா?"

"அங்க ரெண்டு அண்ணிங்க கீறாங்கோ. படுக்க எடமில்ல" என்று எரிச்சலோடு சொல்லிவிட்டு மூட்டை கட்டக் கயிறு தேடப் போனான்.

இந்த முறை வீடு பார்த்தது அவன்தான். தாம்பரத்துக்கு மேற்கே முடிச்சூரில், சுப்பராயலு என்பவரின் எருமைக் கொட்டிலை ஒட்டிய ஓட்டுவீடு. வாசலில் இறங்கியதுமே லாசரஸ் மூக்கைப் பிடித்துக்கொண்டு திருப்தியாகத் தலையாட்டினான். "இந்த நாத்தத்துல உன் கம்பளி எவன் மூக்குக்குத் தெரியும்?"

முதல் சனிக்கிழமை செல்வமேரி மட்டும் வந்தாள். ரத்தினபாய் வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தாள். இரண்டாம் சனிக்கிழமையும் மாமி இல்லை. அதற்கடுத்த வாரம், இரண்டு பஸ் மாறி, கொசுவம் கலைந்து, கையில் அதே பிளாஸ்டிக் ஷீட்டோடு வந்து நின்றாள்.

"என்ன கூட்டம் டீச்சர்! ஒருத்தன் என் கால் மேலயே தாம்பரத்துலேர்ந்து வந்தான்."

"சார்?"

"கதர்க்கடையில புதுசு வாங்கிண்டுட்டார். இதைத் தொடறதில்லை. எங்க கிளம்பறேன்னும் கேக்கறதில்லை. மூணு மணிக்கெல்லாம் திரும்பிடணும்." மாமி யானையை விரித்தாள். "இதுக்குக் கண் எப்படி வெக்கறது?"

ரத்தினபாய் கறுப்பு ரோமத்தில் ஒரு துளி கிள்ளி உருட்டிக் கொடுத்தாள். மாமி ஊசியை வைத்தாள். அப்போது வெளியே வீட்டுக்காரர் சுப்பராயலு தொண்டையைச் செருமிக்கொண்டு ஏதோ சத்தம் போட்டார். ரத்தினபாய் சட்டென்று எழுந்து ஜன்னலுக்குப் போனாள்.

எருமையைத்தான் அதட்டிக்கொண்டிருந்தார். ஆனாலும் அவர் கொட்டிலுக்குள் போகிறவரை அவள் அங்கேயே நின்றிருந்தாள்.