தண்ணீரின் நடுவில் நின்ற முட்டை

கண்ணாடி டம்ளரின் நடுவில் முட்டை அந்தரத்தில் நின்றது. மேலே மிதந்து வரவும் இல்லை, அடியில் போய் உட்காரவும் இல்லை. நாமக்கல்லில் நான் அறிவியல் சொல்லித்தரும் பள்ளியில் கண்காட்சிக்கு ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தோம். அடியில் உப்புக் கரைத்த தண்ணீர், அதன்மேல் கரண்டியின் முதுகில் வழியவிட்டு மெதுவாக ஊற்றிய நல்ல தண்ணீர், இரண்டுக்கும் நடுவில் முட்டை. "மிஸ், கோழிக்கு முன்னாடி முட்டைக்கு நீச்சல் கத்துக்குடுத்துட்டீங்களா?" என்றாள் ஒருத்தி. வகுப்பே சிரித்தது. நானும் சிரிக்க ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திவிட்டேன். வேதாரண்யம் பக்கத்தில் இருக்கும் என் அத்தையின் முல்லைத் தோட்டம் அந்த டம்ளருக்குள் தெரிந்தது. முட்டை நிற்கிற அந்த இடத்தை நோக்கித்தானே சித்தப்பா அங்கே குழாயை இறக்கினார்?

திருச்செங்கோட்டில் எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒருவராவது போர்வெல் போடும் வண்டியில் இருப்பார். சித்தப்பா தன் வண்டிக்கு முதலாளியும் அவரே, லீவர் பிடிக்கும் ஆளும் அவரே. வடக்கே போனால் மாதக்கணக்கில் வரமாட்டார். வரும்போது புருவம், காது மடல் எல்லாம் கல்மாவு அப்பியிருக்கும். பாறைக்கு அடியில் பாறை, அதற்கும் அடியில் எங்கோ கொஞ்சம் ஈரம் என்று கிடக்கிற பூமி எங்களுடையது. தண்ணீர் கிடைக்கவில்லையென்றால் இன்னும் ஆழம் போக வேண்டும் என்பதைத்தான் அது அவருக்குக் கற்றுத்தந்திருந்தது. குழியிலிருந்து வெறும் புழுதியாகக் கிளம்பும்போதும், நிலத்துக்காரர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டபோதும், அவர் குரல் மாறாது. "இன்னும் ரெண்டு ராடு எறக்கிப் பாப்போமுங்க. தண்ணி நம்மளத் தேடி மேல வருமாக்கும்?" நிறைய இடங்களில் அவர் சொன்னது பலித்திருக்கிறது.

அத்தை அவருக்கு ஒரே தங்கை. கடலோரத்திலிருந்து அவர் வண்டிக்கு வேலைக்கு வந்த ஆள்தான் மாமா. வீட்டில் எல்லோரும் குதித்தபோது சித்தப்பா ஒருவர்தான் தங்கை பக்கம் நின்று கல்யாணத்தை நடத்திவைத்தார். அதனால் அங்கே அத்தை தும்மினாலும் இவருக்குப் பொறுப்பு வந்துவிடும். அந்த ஊருக்குக் கடல் கூப்பிடு தூரம்தான். ஆனாலும் அது பிழைப்பது மணலை நம்பி. முல்லை, நிலக்கடலை, மாமரம். மதியத்தில் முல்லை மொட்டைப் பறித்துக் கூடை கூடையாகப் பஸ்ஸில் ஏற்றுவார்கள். பூ நன்றாகப் போன அன்று டீக்கடையில் வடை சீக்கிரம் தீர்ந்துவிடும், தையற்கடை வாசலில் துணியோடு பெண்கள் நிற்பார்கள். அத்தனைக்கும் தண்ணீர் தோட்டத்துக்குள் வெட்டிய பள்ளங்களிலிருந்துதான் வந்தது. ஆள் உயரம்கூட இல்லாத பள்ளம். முழங்கால் நனைய நல்ல தண்ணீர் ஊறும். கைக்கு ஒரு குடமாக மொண்டு, மணலில் கால் புதைய ஏறிவந்து, செடிக்குச் செடி ஊற்ற வேண்டும்.

ஒரு கோடை விடுமுறைக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போன சித்தப்பா அதைப் பார்த்தபடியே நின்றார். "என்ன அம்மிணி, இப்படிச் செமக்கற?"

"அட போங்கண்ணா. உங்க ஊருல ஜிம்முக்குக் காசு குடுத்துப் போறாங்கல்ல, எனக்கு ஊட்டுக்குப் பின்னாலயே இருக்குது" என்றாள் அத்தை. மாமாவும் நானும் சிரித்தோம். சித்தப்பா அவளுடைய வீங்கிய மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த மாதமே, மணலில் துளைபோடும் வண்டி ஒன்றை வாடகைக்குப் பிடித்துக்கொண்டு போனார். பாறையோடு மல்லுக்கட்டியவருக்கு மணல் விளையாட்டாக இருந்தது. நல்ல தண்ணீர் சீக்கிரமே வந்தும் அவர் நிறுத்தவில்லை. மேல் தண்ணீரை அவருக்கு நம்பத் தெரியாது. ஆழத்தில் குழாயை நிறுத்தி மோட்டாரைப் போட்டதும் கை தடிமனுக்குத் தண்ணீர் பீறிட்டது. அள்ளிக் குடித்துவிட்டு, "இனிக் கொடத்தத் தொட்டீன்னா பாத்துக்கோ" என்று அத்தையை மிரட்டினார். அவள் அழுதுகொண்டே சிரித்தாள். ஊர் அவரைத் தூக்கிவைத்துக் கொண்டாடியது. பக்கத்துத் தோட்டக்காரர்கள் கேட்கக் கேட்க அவர்களுக்கும் போட்டுக்கொடுத்தார். சில வருஷம் முல்லை கொட்டோகொட்டென்று கொட்டியது. பள்ளங்கள் குப்பை விழுந்து தூர்ந்தன.

முதலில் கெட்டது டீ. அத்தை வீட்டில் பால் ஊற்றினால் திரிந்துபோக ஆரம்பித்தது. பால்காரரோடு சண்டை போட்டாள். பிறகு முல்லை இலையின் ஓரம் கருகியது. "அண்ணா, தண்ணி கரிக்குதுங்க" என்று போன் செய்தாள். சித்தப்பா அன்றே கிளம்பிப் போய், தனக்குத் தெரிந்த ஒரே வைத்தியத்தைச் செய்தார். இன்னும் ஆழம் இறக்கினார். வந்தது கடல். அதை நாக்கில் வைத்தவர் துப்பக்கூட மறந்து நின்றாராம். மாமா ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. "விடுங்க மச்சான், நாங்களுந்தானே ஆசப்பட்டோம்" என்றாராம். திட்டியிருந்தால் சித்தப்பா மறுபடி அந்த ஊருக்குப் போயிருப்பார் என்று இப்போதும் நினைக்கிறேன். வண்டியை விற்றுவிட்டார். அத்தை போன் வந்தால், "நீயே பேசு சாமி" என்று என்னிடம் நீட்டிவிடுவார்.

இப்போது அத்தையின் நிலத்தை இறால் பண்ணைக்குக் கேட்கிறார்கள். தை மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். கடல்நீரைக் கொண்டுவந்து அதன்மேல் தேக்கிவிட்டால் அப்புறம் முல்லையும் இல்லை, நிலக்கடலையும் இல்லை. அத்தை விற்க விரும்பவில்லை. வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றும் தெரியவில்லை. அதனால்தான் அந்த டம்ளர் என்னை அப்படிப் பிடித்துக்கொண்டது. ஒத்திகை முடிந்ததும் பஸ் ஏறிச் சித்தப்பா வீட்டுக்குப் போனேன். அவர் முன்னால் மறுபடி உப்பு, தண்ணீர், முட்டை. "இது எதுக்குச் சாமி?" என்றார். ஒரு ஸ்ட்ராவைக் கொடுத்து மேல் தண்ணீரை உறிஞ்சச் சொன்னேன். உறிஞ்ச உறிஞ்ச நல்ல தண்ணீர் இறங்கி, முட்டை மேல்மட்டத்துக்கு நெருங்கி வந்தது. அதாவது உப்பு ஸ்ட்ராவை நெருங்கி வந்தது; அத்தை தோட்டத்து மணலுக்கு அடியிலும் கடல் இப்படித்தான் குழாயை நெருங்கியது. கடைசி வாய் கரித்திருக்க வேண்டும், முகம் கோணியது. ஸ்ட்ராவைக் கீழே வைத்துவிட்டார்.

டம்ளரைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டு, "உறிஞ்சாம உட்டா?" என்றார்.

"மழைத் தண்ணி மறுபடி மேல வந்து உக்காருங்க, சித்தப்பா. ஆனா ஆழக் குழாயை அடைக்கோணும். வரப்பை ஒசத்தி மழையத் தேக்கோணும். பழைய பள்ளத்தத் தூர்வாரோணும்."

"ஒரு தோட்டத்துல மட்டும் அடைச்சாப் பத்துமா?"

பத்தாது. அது எனக்கும் தெரியும். பக்கத்துத் தோட்டங்களில் அவர் போட்ட குழாய்களில் சில இன்னும் ஓடுகின்றன. எத்தனை மழைக்காலம் பிடிக்கும் என்பதற்கும் என்னிடம் கணக்கு இல்லை; ஆசை மட்டும் நிறைய இருக்கிறது. அத்தை தோள் பழையபடி குடம் தூக்குமா என்ற கேள்விக்கு, பள்ளத்தில் சின்ன மோட்டார் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக எடுக்கலாம் என்று ஒரு யோசனை வைத்திருக்கிறேன். அதுவும் சரிவருமா என்று பார்த்தால்தான் தெரியும்.

சித்தப்பா கரண்டியை எடுத்தார். அதன் முதுகில் நல்ல தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக வழியவிட்டார். மேலே நல்ல தண்ணீர் சேரச் சேர, முட்டை அசையாமல் நின்றது. "ஐப்பசி மழைக்கு முன்னாடி போயரோணும்" என்றார், டம்ளரிலிருந்து கண்ணை எடுக்காமல். "மொதல்ல அம்மிணி ஊட்டுக் கொழாய அடைப்போம். அப்பறம் ஒவ்வொரு ஊடாப் போயி நானே கேக்கறேன். போட்டவன் நான்தான்."

ஞாயிற்றுக்கிழமை கிளம்புகிறோம். இந்த டம்ளரையும் பையில் எடுத்து வைத்திருக்கிறேன். முட்டையை அங்கேயே வாங்கிக்கொள்ளலாம். எப்படியும் நாமக்கல் முட்டையாகத்தான் இருக்கும்.