அண்ணியும் இரண்டு கினிபிக்குகளும்

வெள்ளவத்தையில் அண்ணன் வாங்கிய வீட்டின் கதவு, சாத்தியதும் தானாகப் பூட்டிக்கொள்ளும் வகை. வெளியே போகிறவரின் கையில் சாவி இல்லையென்றால் திரும்ப உள்ளே வர முடியாது. அதற்கு இரண்டு சாவிகள் இருந்தன. ஒன்றை அண்ணன் தான் வேலை செய்யும் கட்டாருக்குக் கொண்டுபோயிருந்தார். மற்றது என்னிடம் இருந்தது. அண்ணியிடம் சாவி இல்லை என்பதை நாங்கள் யாரும் ஒரு விஷயமாகப் பேசியதே இல்லை.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. கணக்கியல் வகுப்புக்காக யாழ்ப்பாணத்திலிருந்து வந்து அவர்கள் வீட்டில் தங்கியிருந்தேன். அண்ணி கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்தவர். அங்கே ஒரு மருந்துக்கடையில் வேலை பார்த்தார். கல்யாணத்தோடு அது நின்றது. அண்ணன் சத்தம் போடுகிற ஆள் இல்லை. “எல்லாம் வாசலுக்கே வருது. நீ ஏன் வெயிலுக்குள்ள அலையவேணும்?” என்று கனிவாகத்தான் கேட்பார். தினமும் பின்னேரம் ஐந்து மணிக்கு வீடியோவில் அழைப்பார். அண்ணி கதைத்தபடியே போனைத் தூக்கிக்கொண்டு குசினி, மண்டபம், பல்கனி என்று நடப்பார். வீட்டைக் காட்டுகிறார் என்று முதலில் நினைத்தேன். வீட்டுக்குள்தான் இருக்கிறேன் என்று காட்டுகிறார் என்பது பிறகுதான் விளங்கியது. அண்ணன் என்னிடம் தனியாகச் சொல்லியிருந்தது ஒன்றுதான்: “தங்கச்சி, அண்ணியைப் பார்த்துக்கொள்.” அதன் அர்த்தம் எனக்குத் தெரியும். தெரியாததுபோல இருந்துகொண்டேன்.

வாலில்லாத கொழுத்த எலிபோன்ற அந்த இரண்டு கினிபிக்குகளையும் ஆறு வயது மகளுக்காக அண்ணன்தான் லீவில் வந்தபோது வாங்கிக் கொடுத்தார். பல்கனியில் கூடு. அடியில் மரத்தூள். அண்ணி வல்லாரையும் கறிமிளகாயும் நறுக்கிப் போடுவார். குசினிக்குள் கத்திச் சத்தம் கேட்டாலே இரண்டும் விசிலடிக்கத் தொடங்கிவிடும்.

ஒரு நாள் காலையில் கறுப்புக் கினிபிக்கின் முதுகில், இடுப்புப் பக்கமாக, மயிர் உதிர்ந்து ஐதாகியிருந்ததை அண்ணி கண்டார். ஒன்றையொன்று கடித்துக்கொள்கின்றன போலும் என்றேன். அண்ணி அதை மடியில் வைத்து மயிரை விலக்கிப் பார்த்தார். “கடிச்சதெண்டால் தோல் சுத்தமா இருக்கும். இது செதில் செதிலா உரியுது, பாரும்” என்றார். அம்மாவிடம் போனில் கேட்டு வேப்பெண்ணெய் பூசியது நான். இரண்டு நாள் பளபளப்பாக இருந்தது. மூன்றாம் நாள் எண்ணெயில் மரத்தூள் அப்பி, அதன் கீழே தோல் தடித்துப் பொருக்குக் கட்டிவிட்டது. செல்லப்பிராணிக் கடைக்காரரிடம் படத்தைக் காட்டினேன். ஒரு பவுடர் தந்தார். அண்ணி பெட்டியிலிருந்த சின்ன எழுத்தை ஜன்னலடியில் பிடித்து வாசித்துவிட்டு, திருப்பி என் கையில் தந்தார். “இது நாய்க்குப் போடுறது. இதுகள் உடம்பை நக்குற சாதி. போட்டால் செத்துப்போகும். டொக்டரிட்டக் கொண்டுபோகவேணும்.”

அன்று ஐந்து மணிக்கு அண்ணி அதை அண்ணனிடம் கேட்டார். அண்ணன் சிரித்தார். “எலிக்கு டொக்டரோ? எறிஞ்சுபோட்டு வேற ரெண்டு வாங்கலாம்.” அண்ணி போனை வைத்துவிட்டுப் பல்கனிக் கம்பியைப் பிடித்தபடி நெடுநேரம் நின்றார். கீழே கடலோர ரயில் ஒன்று போனது. கொண்டுபோய்க் காட்டுகிறேன் என்று நான் சொல்லியிருக்கலாம். பரீட்சை நெருங்குகிறது என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

அடுத்த கிழமை நான் வகுப்பிலிருந்தபோது அண்ணனின் அழைப்பு வந்தது. அண்ணி போனை எடுக்கவில்லையாம். ஓடி வந்து பார்த்தேன். வீட்டில் ஒருவரும் இல்லை. கூடும் வெறுமையாக இருந்தது. “அண்ணி வெளியில போயிட்டா” என்று சொன்னேன். பிள்ளையும் இல்லையா என்று அண்ணன் கேட்டார். பிறகு, “வரட்டும். நான் சொல்லுமட்டும் கதவைத் திறவாதே” என்றார்.

ஆறு மணி போல மணி அடித்தது. நான் கதவுக்கு இந்தப் பக்கம் நின்றேன். “அண்ணன் திறக்கவேண்டாமாம்” என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. அண்ணி கேட்டிருந்தார். கெஞ்சவும் இல்லை, ஏசவும் இல்லை. கறுப்புக்கு வலிப்பு வந்துவிட்டது என்றார். சொறிந்துகொண்டிருக்கும்போதே விறைத்துச் சரிந்து காலை உதறியதாம். மகள் பயந்து கத்தினாளாம். “டொக்டர் தோலைச் சுரண்டிப் பார்த்தவர். தோலுக்குள்ள உண்ணி. கண்ணுக்குத் தெரியாது. அரிப்புத் தாங்கேலாமத்தான் வலிப்பு வாறது. முகத்தில வட்டம் வட்டமா வந்தால் அது வேற, படர்தாமரை. நிறுத்துப் பார்த்து, பிடரியில மருந்து விட்டவர். மற்றதுக்கும் விட்டவர், அது நல்லாத்தான் இருக்கு எண்டாலும். ரெண்டு கிழமைக்கு ஒருக்கா, இன்னும் ரெண்டு தரம் விடவேணும்.” பிறகு சொன்னார்: “கூட்டுக்குள்ள கிடக்கிற தூளெல்லாத்தையும் பையில கட்டி எறிஞ்சுபோட்டு, சுடுதண்ணியால கழுவி வையும். பழைய கூட்டுக்குள்ள விட்டால் திரும்பத் தொத்தும்.”

நான் போய்க் கழுவினேன். இன்றைக்கும் எனக்கு விளங்காதது அதுதான். தண்ணீர் சுடவைத்து, தூளைக் கட்டி, கம்பி கம்பியாகத் தேய்த்துக் கழுவித் துடைத்து, பழைய துவாய் ஒன்றை விரித்தேன். கதவை மட்டும் திறக்கவில்லை. அவர்கள் படியில் உட்கார்ந்திருந்தார்கள். மேல்வீட்டுக்காரர் யாரோ “என்ன மிஸிஸ், சாவியை விட்டுட்டீங்களோ?” என்று கேட்டதும், அண்ணி “ஓம்” என்று சொன்னதும் கேட்டது. ஒரு மணித்தியாலம் கழிந்திருக்கும். “மாமி, எனக்கு ஒண்டுக்கு வருது” என்று பிள்ளை கதவடியில் சொன்னாள். அப்போதுதான் திறந்தேன். அண்ணி என்னைக் கடந்து நேரே பல்கனிக்குப் போய், கூட்டைத் தொட்டுப் பார்த்து, “காய்ஞ்சிட்டுது” என்றார். கினிபிக்கைத் தூக்கிய அவரின் முழங்கைகளிலும் சிவப்புச் சிவப்பாக உண்ணிக் கடி.

இரண்டாம் முறை மருந்துக்கு நானும் கூடப் போனேன். சாவியைக் கொடுப்பதைவிட அது எனக்குச் சுலபமாக இருந்தது. பொருக்கு உதிர்ந்த இடத்தில் அதற்குள் பஞ்சுபோல மயிர் முளைத்திருந்தது. மூன்றாம் முறை அண்ணி கினிபிக்குகள் இருந்த கூடையோடு ஒரு துணிப்பையும் தூக்கினார். மகளின் பள்ளிக்கூடச் சப்பாத்து பையின் வாயில் தெரிந்தது. நான் லிப்ட்டை அழைத்தேன். “போயிட்டு வாறன்” என்று அண்ணி சொல்லவில்லை. அன்று ஐந்து மணிக்கு, அண்ணி குளிக்கிறார் என்று அண்ணனிடம் சொன்னேன். அந்த ஒரு பொய் போதுமாக இருந்தது. அவர்கள் கொட்டாஞ்சேனைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

அடுத்த நாளிலிருந்து ஐந்து மணி அழைப்பு எனக்கு வந்தது. எங்கே நிற்கிறாய், யார் பக்கத்தில், போனைத் திருப்பிக் காட்டு. நானும் குசினி, மண்டபம், பல்கனி என்று நடந்தேன். வேலை கிடைத்து அந்த வீட்டைவிட்டு வெளிக்கிட இரண்டு வருடம் ஆயிற்று.

போன மாதம், அவர்கள் இப்போது குடியிருக்கும் ஹெந்தளைக்குப் போனேன். அண்ணி அங்கே ஒரு மருந்துக்கடையில் வேலை செய்கிறார். மகள் என்னைவிட உயரமாகிவிட்டாள். கினிபிக்குகள் இரண்டும் வயதாகித்தான் செத்தன என்று சொன்னாள். தேத்தண்ணி குடித்து முடிந்த பிறகு, எத்தனையோ வருடமாகச் சொல்ல நினைத்ததைச் சொன்னேன். அன்றைக்கு நான் கதவைத் திறந்திருக்கவேண்டும் என்றேன்.

அண்ணி வெறும் கோப்பைகளை எடுத்தபடி சொன்னார்: “நீர் திறக்கேல்லை எண்டபடியால்தான் நான் வெளிக்கிட்டனான். அதுவரைக்கும் என்னைப் பூட்டி வைக்கிறது அவர் ஒராள்தான் எண்டு நினைச்சுக்கொண்டிருந்தனான்.”

அதைக் கோபமாகச் சொல்லவில்லை. இன்னொரு தேத்தண்ணி குடிக்கிறீரா என்று கேட்டார்.