உப்புக் கை

மீரா உசேன் பாயைப் பற்றிப் பேச உனக்கு என்ன யோக்கியதை என்று யாராவது கேட்டால் ஒரே பதில்தான். முப்பது வருஷம் அவர் கல்யாணங்களுக்குச் சோறு ஆக்கினார், நான் அதே கல்யாணங்களுக்கு மைக் செட் கட்டினேன். முத்துப்பேட்டையில் பந்தல் என்று ஒன்று போட்டால் முன்பக்கம் என் சத்தம், பின்பக்கம் அவருடைய புகை. என் பெயர் கண்ணுசாமி. கோபக்காரன் என்று ஊரில் பெயர். அது பொய்யில்லை.

கல்யாணச் சமையலுக்குத் தலைவனாக நிற்பவரை எங்கள் பக்கம் பண்டாரி என்போம். பாயிடம் எட்டு ஆள் வேலை பார்த்தார்கள். அரிசி களைவார்கள், கறி வெட்டுவார்கள், விறகு தள்ளுவார்கள், தேக்சா என்கிற பெரிய அண்டாவைத் தூக்கி இறக்குவார்கள். உப்பை மட்டும் ஒருத்தரும் தொடக் கூடாது. வேதாரண்யத்துக் கல்லுப்பு மூட்டையைப் பிரித்து, தன் வலது கையால் அள்ளி, கொதிக்கிற தண்ணீரில் அவரே போடுவார். ருசி பார்க்கிற நாக்கும் அவருடையதுதான். "உப்பில்லாப் பண்டம் குப்பையிலே கண்ணுசாமி, உப்பு கூடுனா மானமே குப்பையிலே" என்பார். இரண்டாவது பாதி அவரே சேர்த்துக்கொண்டது.

அப்படிச் சேர்த்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. பாய் இளவட்டமாக வேறொரு பண்டாரியிடம் வேலை பார்த்தபோது, ஒரு கல்யாணத்தில் இரண்டு பேர் உப்பைப் போட்டுவிட்டார்கள். இங்கே ஒரு பெரிய தட்டைச் சுற்றி ஐந்து பேர் உட்கார்ந்து சேர்ந்து சாப்பிடுவார்கள். அந்தத் தட்டுக்கு சஹன் என்று பெயர். அன்றைக்கு முதல் வாயிலேயே சஹனுக்கு ஐந்து பேராக எழுந்துவிட்டார்கள். பெண்ணின் தகப்பனார் வாசலில் நின்று போகிறவர்களையெல்லாம் கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தாராம். பாய் அதைச் சொல்லும்போதெல்லாம் குரல் இறங்கிவிடும்.

தொண்ணூறுகளில் வீட்டுக்கு ஒரு பிள்ளை சவூதி, துபாய் என்று கிளம்பியது. கல்யாணங்கள் பெருத்தன. முன்னூறு பேருக்கு ஆக்கின வீட்டில் ஆயிரத்து இருநூறு பேர். ஒரே நாளில் இங்கே ஒன்று, அதிராம்பட்டினத்தில் ஒன்று, திருத்துறைப்பூண்டியில் ஒன்று. பாய் என்ன செய்தார்? ஆட்களை மூன்றாகப் பிரித்து அனுப்பிவிட்டு, டிவிஎஸ் ஃபிஃப்டியில் உப்புப் பையைக் கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் பறந்தார். கையளவு உப்புப் போடுவதற்காக இருபது மைல்! ஒருதடவை ரயில்வே கேட்டில் மாட்டிக்கொண்டார். அங்கே தண்ணீர் கொதித்துக் கொதித்துப் பாதியாகச் சுண்டிவிட்டது. எட்டு வருஷம், பத்து வருஷம் அடுப்படியில் நின்றவர்கள், உப்பு மூட்டை பக்கத்திலேயே இருக்க, கையைக் கட்டிக்கொண்டு ரோட்டைப் பார்த்து நின்றார்கள்.

"உங்க கை என்ன தங்கத்துல வார்த்ததா பாய்? அவன் ஒரு கை போட்டா சோறு சோறாகாதா?" என்று கத்தினேன்.

"உனக்கு மைக் கெட்டா வேற மைக்கு. எனக்கு ஆயிரம் பேரு வயிறுப்பா" என்று சொல்லிவிட்டு வண்டியை மிதித்தார்.

எல்லோரும் சாப்பிட்டுப் போன பிறகு, மூன்றரை மணி வாக்கில், தேக்சா அடியில் ஒட்டிய ஆறிப்போன சோற்றை ஒரு தட்டில் போட்டுக்கொண்டு நின்றபடியே சாப்பிடுவார். நானும் ஒயரைச் சுருட்டிவிட்டு அவரோடு நின்று சாப்பிடுவேன். "என்னைக்காவது சூடா ஒரு வாய் சாப்பிட்டா என்ன பாய்?" என்று கேட்டால், "சூடு விருந்தாளுக்கு. நமக்கு மிச்சம்" என்பார். அதில் அவருக்கு ஒரு பெருமை. எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

தொண்ணூற்றாறில் மூத்தமகள் ஹாஃபிஸாவுக்குக் கல்யாணம். நிக்காஹ் நேரத்தில் பெண்ணின் தகப்பன் மாப்பிள்ளையின் கையைப் பிடித்து, என் மகளைக் கொடுத்தேன் என்று சபையில் சொல்ல வேண்டும். கூப்பிட ஆள் போனபோது பாய் அடுப்படியில் நின்றார். "தம் போட்டிருக்கேன், தம்பி சொல்லட்டும்" என்று தம்பி மீரா சாகிபை உட்கார வைத்துவிட்டார். ஹாஃபிஸா அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். அவள் தங்கை ஜஸீலாவுக்கு அப்போது பதினான்கு வயது. ஜன்னலோரம் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இரண்டு வருஷம் கழித்து ஜெக்கரியா சவூதியில் தம்மாம் போனான். பாய்க்கு வலதுகை அவன். பதினான்கு வருஷம் கூட நின்றவன். கம்பெனி மெஸ்ஸில் சமையல்காரன் வேலை. அப்போது என் மைக் செட் கடையிலேயே எஸ்டிடி பூத்தும் வைத்திருந்தேன். தெருவில் பாதிப் பேருக்கு வெளிநாட்டு போன் என் கடைக்குத்தான் வரும். அவன் போன மூன்றாம் நாள் காலையில் மணி அடித்தது. "அண்ணனைக் கூப்பிடுங்க, அவசரம்" என்றான். பாய் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வந்தார். ரிசீவரை அவர் காதில் வைத்துப் பிடித்திருந்தவன் நான்தான். அதனால் இரண்டு பக்கமும் கேட்டது.

"அண்ணே, நாப்பது கிலோ அரிசி. உலை கொதிக்குது. உப்பு எவ்வளவுண்ணே?"

பாய் வலது கையை விரித்துப் பார்த்தார். மூடினார். மறுபடி விரித்தார். "எவ்வளவுன்னா... போட்டுட்டு நாக்குல வச்சுப் பாரு. தெரிஞ்சிடும்."

"எப்படித் தெரியும்ணே? ஒருநாளாவது என் நாக்குல வைக்க விட்டீங்களா?"

அவன் கோபத்தில் கேட்கவில்லை. அழுதுகொண்டு கேட்டான். லைன் கட்டாகிவிட்டது.

அன்றைக்கு அவன் ஆக்கின சோற்றை யாரும் சாப்பிடவில்லையாம். சமையலிலிருந்து எடுத்து ஒரு வருஷம் பாத்திரம் கழுவப் போட்டார்கள். கடிதத்தில் அவன் அண்ணனைப் பற்றிக் குறையாக ஒரு வரி எழுதவில்லை. பாய் அந்தக் கடிதத்தைச் சட்டைப் பையிலேயே வைத்திருந்தார், சட்டை மாற்றினால் கடிதமும் மாறும். ஆனால் உப்பை மட்டும் விடவில்லை. மனுஷன் தப்பு என்று தெரிந்த பிறகும் பழக்கத்தை விட மாட்டான் போலிருக்கிறது. நான் மட்டும் என்ன, கோபத்தை விட்டேனா?

இரண்டாயிரத்து மூன்றில் ஜஸீலாவுக்கு மாப்பிள்ளை அமைந்தது. ஜாஃபர் சாதிக் என்று, நல்ல பையன். எல்லாம் பேசி முடித்தபோது ஜஸீலா தகப்பனாரிடம் நேராகச் சொல்லிவிட்டாள்: "அத்தா, எனக்கு நீங்கதான் கை பிடிச்சுக் கொடுக்கணும். சித்தப்பா வேணாம். நீங்க அடுப்படியில நின்னா நான் சம்மதம் சொல்ல மாட்டேன்."

பாயின் மனைவி ஹபீபுன்னிசா என் கடைக்கு வந்து, "அண்ணே, நீங்களாவது சொல்லுங்க. வேற பண்டாரியையும் கூப்பிட மாட்டேங்குறாங்க, ஆளுங்க கையிலயும் விட மாட்டேங்குறாங்க" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டது. நான் போய்க் கத்தினேன். அவர் தலையைக் குனிந்தபடி சொன்னார்: "சோறு கெட்டா பண்டாரியத் திட்டிட்டுப் போயிடுவாங்க கண்ணுசாமி. எம்மவ கல்யாணத்துல கெட்டா, அவ காலம் பூரா அதைச் சொல்லிக் காட்டுவாங்க." பாவம், பயந்துபோயிருந்தார். எனக்குக் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை.

அந்த வாரம்தான் ஜெக்கரியா லீவில் வந்தான். பாத்திரம் கழுவின மெஸ்ஸிலேயே இப்போது அவன் தலைமைச் சமையல்காரன். ஒரு மலையாளி அவனுக்குத் தராசு வைத்துக் கற்றுக்கொடுத்திருக்கிறான். விஷயத்தைக் கேட்டான். பிறகு பாயின் கையைப் பிடித்துப் பக்கத்து மளிகைக் கடைக்கு இழுத்துக்கொண்டு போனான். நானும் கூடவே போனேன்.

"அண்ணே, நாப்பது கிலோ உலைக்குப் போடுற மாதிரி ஒரு கை அள்ளுங்க."

பாய் உப்பு மூட்டையில் கையை விட்டு அள்ளித் தராசில் போட்டார். எண்பது கிராம். "இன்னொரு கை." எண்பத்தொன்று. அப்படி ஐந்து தடவை அள்ளச் சொன்னான். இரண்டு கிராமுக்கு மேல் வித்தியாசம் இல்லை. நான் ஒவ்வொன்றையும் கேசட் அட்டையில் எழுதினேன். பாய் தராசு முள்ளையே பார்த்துக்கொண்டு நின்றார், யாரோ அவரைப் பற்றி அவரிடமே கோள் சொன்ன மாதிரி.

"இவ்வளவுதானாடா?" என்றார்.

"இவ்வளவுதாண்ணே. உலைக்கு எத்தனை கை, கறிக்கு எத்தனை கை, தால்ச்சாப் பருப்புக்கு எத்தனை கைன்னு சொல்லுங்க. மிச்சத்த நானும் அப்சரும் பார்த்துக்குறோம்."

அப்சர் பாயிடம் பதினோரு வருஷமாக நிற்கிற ஆள், மூன்று பிள்ளைக்குத் தகப்பன். அன்று சாயங்காலம்தான் முதல் தடவையாக உப்பைக் கையில் எடுத்தான்.

கல்யாணத்தன்று பாய் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, அத்தர் வாசனை. என்னால் அடையாளமே கண்டுபிடிக்க முடியவில்லை. மாப்பிள்ளைக்கு எதிரே உட்கார்ந்தாரே தவிர, மூக்கு பின்பக்கமே இருந்தது. காற்றில் நெய் வாசனை வரும்போதெல்லாம் கழுத்து திரும்பும். நிக்காஹ் நடத்தும் ஹஜ்ரத் ஓதி முடித்தார். பாய் மாப்பிள்ளையின் கையைப் பிடித்தார். மைக்கை ஹஜ்ரத் என் மேஜைமேல் வைத்தார். அதை நான் பாயிடம் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.

அந்த நேரத்தில்தான் அப்சர் மூச்சிரைக்க ஓடி வந்து, என் மேஜைமேல் குனிந்து, காதோடு காதாகச் சொல்வதாக நினைத்துக்கொண்டு சொன்னான்:

"அண்ணே, தால்ச்சாவுல ரெண்டு பேருமே உப்பு போட்டுட்டோம்! பண்டாரியக் கொஞ்சம் கூப்பிடுங்க!"

மைக் ஆனில் இருந்தது. முப்பது வருஷத் தொழிலில் நான் செய்யாத தப்பு! நாலு குழாய் ஸ்பீக்கரிலும் அது தெரு முழுக்கப் போய்விட்டது. பந்தலில் முதலில் ஒரு சிரிப்பு கிளம்பியது. பிறகு எல்லோரும் பாயைப் பார்த்தார்கள், சிரிப்பு அடங்கிவிட்டது. வீட்டு ஜன்னல் திரைக்குப் பின்னால் பெண்கள் பேச்சும் நின்றது. அங்கேதான் ஜஸீலா இருந்தாள். அட முருகா, என் மைக்காலேயே அந்தப் பிள்ளை கல்யாணத்தைக் கெடுத்தேனே என்று தலையில் அடித்துக்கொண்டேன்.

பாய் பாதி எழுந்துவிட்டார். மாப்பிள்ளையின் கை இன்னும் அவர் கைக்குள் இருந்ததால் அதுவும் கூடவே மேலே வந்தது. அவர் அந்தக் கையைப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார். மெதுவாக உட்கார்ந்தார்.

"மைக்கைக் கொண்டாப்பா" என்றார்.

கொண்டுபோய்ப் பிடித்தேன். தொண்டையைச் செருமிக்கொண்டு, அடுப்படி வரைக்கும் கேட்கும்படி சொன்னார்: "ஜெக்கரியா பார்த்துக்குவான்."

அதற்கப்புறம்தான் மாப்பிள்ளையிடம் திரும்பி, என் மகள் ஜஸீலாவை உங்களுக்கு மணமுடித்துக் கொடுத்தேன் என்றார். குரல் உடைந்தது. என் மைக்கில் எதுவும் மறையாது.

அடுப்படியில் அதைக் கேட்ட ஜெக்கரியா தோள்துண்டால் முகத்தை அழுந்தத் துடைத்தானாம். பிறகு தால்ச்சாவில் பாதியை வேறு சட்டிக்கு மாற்றி, தனியே வேகவைத்திருந்த பருப்பையும் கத்தரிக்காயையும் இரண்டிலும் பிரித்துப் போட்டு, கொதிக்கவிட்டு, தானும் அப்சரும் இன்னொருத்தனும் ஆளுக்கொரு கரண்டி ருசி பார்த்து, மூன்று பேரும் சரியென்று சொன்ன பிறகுதான் சஹனுக்கு அனுப்பினான். அவனே வந்து என்னிடம் சொன்னது இது. சொல்லும்போது ஒரு தடவைகூட நான் என்று சொல்லவில்லை, நாங்க நாங்க என்றுதான் சொன்னான்.

பாய் சம்பந்திகளோடு சஹனில் உட்கார்ந்தார். ஐந்து பேரில் ஒருத்தராக. ஒரு வாய் எடுத்தார். பந்தல் மறுபடியும் அவர் வாயைப் பார்த்தது. மென்றார். முழுங்கினார். "தால்ச்சா இன்னுங் கொஞ்சம் போடுங்கப்பா" என்றார். ஒருத்தரும் எழுந்து போகவில்லை.

மூன்றரை மணிக்கு நான் ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். என் கூட நின்று சாப்பிட இந்தத் தடவை பாய் வரவில்லை. வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார், சட்டையில் மஞ்சள் கறை. திரையை விலக்கிக்கொண்டு ஜஸீலா எட்டிப் பார்த்தாள். கண்ணெல்லாம் மையும் ஈரமும்.

"அத்தா, சோறு எப்படி இருந்துச்சு?"

உப்பைப் பற்றி ஏதாவது சொல்வார் என்று நானும் ஒயரை விட்டுவிட்டு நிமிர்ந்தேன்.

"சூடா இருந்துச்சும்மா" என்றார்.