ரஷ்யா வென்ற ஞாயிற்றுக்கிழமைகள்

போன வாரம் றிச்மண்ட் ஹில் கோயிலுக்குப் போய்த் திரும்பும் வழியில் மரக்கறி வாங்க ஒரு கடைக்குள் நுழைந்தேன். கொத்தமல்லி என்று நினைத்து ஒரு கட்டை எடுத்து மூக்கருகே கொண்டுபோனால், அது டில். பார்வைக்குப் பெருஞ்சீரகச் செடி மாதிரி இருக்குமே, அந்தக் கீரை. வயது போகப் போகக் கண் இப்படித்தான் ஏமாற்றுகிறது. மூக்கு மட்டும் இன்னும் நாணயமாக இருக்கிறது. அந்த வாசம் ஏறியதும் எனக்கு நினைவு வந்தது சமையல் அல்ல, கால்பந்து. வீட்டில் சொன்னால் சிரிப்பார்கள். நீங்களாவது பொறுமையாகக் கேளுங்கள்.

தொண்ணூறுகளில் கனடாவுக்கு வந்த எங்கள் ஆட்களில் பலர் நேரே வந்து இறங்கியவர்கள் அல்ல. காசு வாங்கிக் களவாக ஆள் அனுப்பும் ஏஜென்சிக்காரன் எந்த நாட்டில் விடுகிறானோ அங்கே கிடந்து, அவன் கூப்பிடும்போது எழும்பி வரவேண்டும். நான் கிடந்தது மொஸ்கோவில். ஒரு கோடைகாலம் முழுக்க, திரைச்சீலை இழுத்து மூடிய அறையில், இன்னும் நாலைந்து பெடியங்களோடு. ஜன்னலால் எட்டிப் பார்க்கக்கூடாது என்பது கட்டளை. வீட்டுக்காரப் பெண் தினமும் ஒரே சூப்பைக் கொண்டுவந்து வைப்பாள். மேலே இந்தக் கீரைதான் மிதக்கும். பொழுதுபோக்குக்கு ஒரு பழைய தொலைக்காட்சி. அதில் எங்களுக்கு விளங்கிய ஒரே நிகழ்ச்சி கால்பந்து. அங்கிருந்து புறப்படும்போது பந்து, கோல்காப்பாளர், கம்பம், சமநிலை எல்லாவற்றுக்கும் எனக்கு ரஷ்யச் சொல் தெரியும். குடிக்கத் தண்ணீர் கேட்கத் தெரியாது.

இந்தப் பெரிய கல்வி ரொறொன்ரோவில் உதவும் என்று யார் கண்டது? டோர்செட் பார்க்கில் அடுக்குமாடிகளுக்குக் கீழே ஈஸ்வரி அன்ரியின் பலசரக்குக் கடையில் எனக்கு வேலை கிடைத்தது. கருவாடு, ஊதுபத்தி, பழுத்த மாம்பழம் எல்லாம் ஒன்றாகக் கலந்த ஒரு வாசம் அந்தக் கடைக்கு. கல்லாவுக்குப் பின்னால் போன் காட்டுகள், வெளிநாட்டுக்குப் பேசும் அட்டைகள், வரிசையாகத் தொங்கும். வீட்டில் தொலைபேசி இல்லாதவர்கள் காட்டை வாங்கி, அதிலிருக்கும் மறை எண்ணைச் சுரண்டி எடுத்து, மீன் பெட்டிக்குப் பக்கத்துச் சுவரில் இருந்த அன்ரியின் போனிலேயே பேசுவார்கள். ரகசியம் என்று ஒன்று அங்கே கிடையாது. யாருடைய தங்கைக்கு எங்கே கலியாணப் பேச்சு நடக்கிறது என்பது அரிசி வாங்க வந்தவருக்கும் தெரிந்துவிடும்.

தொண்ணூற்றெட்டின் இலையுதிர்காலத்தில் அந்தப் போனடிக்கு விக்டர் வந்தார். மேல் மாடியில் ஒரு அறையில் வாடகைக்கு இருந்தவர், சோபா செய்யும் பட்டறையில் வேலை, என்னைவிடப் பத்து வயது மூத்தவர். மொஸ்கோக்காரர் என்று தெரிந்ததும் நான் என் கல்வியை எடுத்துவிட்டேன். "ம்யாச்! வ்ரத்தார்! ஷ்தாங்கா!" பந்து, காப்பாளர், கம்பம். மனுசன் ஒரு அடி பின்னால் போனார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அன்றிலிருந்து அவர் எனக்கு விக்டர் அண்ணை. நாங்கள் பேசியது இரண்டு பேரின் ஓட்டை ஆங்கிலம்தான், ஆனால் என் நினைவில் அவர் எப்போதும் நல்ல யாழ்ப்பாணத் தமிழ்தான் கதைக்கிறார். என்ன செய்வது, மனம் அப்படி மொழிபெயர்த்து வைத்திருக்கிறது.

அவர் ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் வருவார். எண்ணை அழுத்துவார். அங்கே யாரோ எடுப்பார்கள். "ரெண்டு, மூண்டு" என்பதுபோல ஏதோ இலக்கங்கள். பிறகு படாரென்று வைக்கும் சத்தம் எனக்கே கேட்கும். அவ்வளவுதான் பேச்சு. மீன் வெட்டிக்கொண்டிருந்த அன்ரிக்கு இது பொறுக்கவில்லை.

"உவன் என்ன, லொத்தர் இலக்கமோ சொல்லுறான்?"

கேட்டுப் பார்த்தேன். மறுமுனையில் இருந்தவர் அவருடைய தகப்பன். ரயில் திருத்தும் பட்டறையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர், பெண்சாதி இல்லை, தனி ஆள். மகன் நாட்டை விட்டுப் புறப்பட்டபோது, "போறதெண்டால் போ, எனக்கும் உனக்கும் இனிப் பேச்சில்லை" என்றிருக்கிறார். ஆனால் கால்பந்து பேச்சில் சேராது என்று அவரே ஒரு விதிவிலக்கும் வைத்திருந்தார். கோல் கணக்குக் கேட்டால் சொல்வார். "எப்படி இருக்கிறியள் அப்பா?" என்று ஒருமுறை கேட்டதற்கு உடனே வைத்துவிட்டார்.

"சாப்பிட்டியளோ எண்டு ஒரு சொல்லுக் கேக்கேலாதோ உவனுக்கு?" என்றார் அன்ரி. நான் அதைச் சொன்னதும் விக்டருக்கு ஆச்சரியம். "கடல் தாண்டிப் போன் எடுத்து இதையோ கேக்கிறது?" கொழும்பில் லொட்ஜில் இருந்த என் அம்மாவோடு பேசினால் பாதிக் காட் அதிலேயே போய்விடும். என்ன கறி, மீனோ மரக்கறியோ, புளி போட்டதோ என்று விசாரித்து முடித்த பிறகுதான் நாட்டு நிலைமைக்கே வருவோம்.

அந்த இலையுதிர்காலம் ரஷ்யாவுக்குச் சரியில்லை. ஐரோப்பியக் கிண்ணத்துக்கான தகுதிகாண் ஆட்டங்களில் உக்ரைனிடம், பிரான்ஸிடம், கடைசியில் சின்னஞ்சிறு ஐஸ்லாந்திடம் என்று வரிசையாகத் தோற்றது. கிழவர் ஒவ்வொரு முறையும் முந்தியதைவிட வேகமாகப் போனை வைத்தார். பிறகு பனி வந்தது. ரஷ்யாவில் பனிக்காலத்தில் ஆட்டம் இல்லை. ஆட்டம் இல்லையென்றால் பேச்சும் இல்லை. விக்டர் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து போனைப் பார்ப்பார், ஒரு பால் பெட்டி வாங்குவார், போய்விடுவார். பாவமாக இருக்கும்.

மார்ச்சில் ஆட்டம் திரும்பியது. தொண்ணூற்றொன்பது எப்பேர்ப்பட்ட ஆண்டு! ரஷ்யா ஆர்மேனியாவை வென்றது, அந்தோராவுக்கு ஆறு கோல் போட்டது. தகப்பனின் சொந்தக் கழகம், அந்த ரயில்காரர்களின் கழகம், ஐரோப்பியப் போட்டியொன்றில் அரையிறுதிவரை போய், ரோம் நகர அணியோடு இரண்டு ஆட்டத்திலும் சமநிலை எடுத்தும் வெளியேறியது. வெளியூரில் போட்ட கோலுக்கு மதிப்புக் கூட என்று அப்போது ஒரு சட்டம். அந்த அநியாயத்தை மகனுக்கு விளக்கக் கிழவருக்குக் கனநேரம் எடுத்தது. விக்டர் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, சட்டம் தெரியாதவர்போல மறுபடி மறுபடி கேட்டார். எனக்கு அந்தத் தந்திரம் பிடித்திருந்தது.

ஜூனில் ரஷ்யா பாரிஸில், உலகக் கிண்ணத்தைக் கையில் வைத்திருந்த பிரான்ஸை மூன்றுக்கு இரண்டு என்று வென்றது. மறுநாள் கிழவர் ஒவ்வொரு கோலையும் நடித்தே காட்டியிருக்கவேண்டும். கடை முழுக்க அவர் குரல் கேட்டது. அன்ரி எல்லோருக்கும் மட்டனும் உருளைக்கிழங்கும் வைத்துப் பொரித்த ரோல்ஸ் கொடுத்தார், ஏதோ எங்கள் ஊர் வென்ற மாதிரி. ஆனாலும் கடைசிக் கோலைச் சொல்லி முடித்ததும் படார். எப்போதும் வைப்பது அவர்தான்.

"ஐரோப்பியக் கிண்ணத்துக்குப் போயிட்டால் வாற பனிக்காலம் முழுக்கக் கதைக்க விசயம் இருக்கும்" என்றார் விக்டர். "ஆர் விளையாடுறது, ஆரோட மோதுறது, எவ்வளவு கிடக்கு! போகாட்டில் திரும்ப மார்ச் வரைக்கும் ஒண்டுமில்லை. அவருக்கும் வயசு போகுது." அதற்குப் பிறகு நானும் ரஷ்யாவுக்காக நல்லூர்க் கந்தனிடம் நேர்த்திக்கடன் வைத்தேன். கந்தனுக்கு அது புதுமையாக இருந்திருக்கும்.

ஒக்டோபரில் கடைசி ஆட்டம், மொஸ்கோவில், உக்ரைனோடு. ரஷ்யா வென்றால் போதும். சனிக்கிழமை அன்ரியிடம் விடுப்புக் கேட்டு, இரண்டு பஸ் மாறி, வடக்கே ஒரு ரஷ்ய உணவுக்கடைக்கு விக்டரோடு போனேன். அங்கே டிஷ் அன்ரெனா வைத்து ஆட்டத்தைக் காட்டினார்கள். எங்கும் டில் வாசம். முடிய இன்னும் கால்மணி இருக்கையில் ரஷ்யா கோல் போட்டது. முன்பின் தெரியாத ஒருவர் என் கன்னத்தில் முத்தமிட்டார். பிறகு, முடியும் தறுவாயில், தூரத்திலிருந்து உக்ரைன்காரர் அடித்த பந்து மிதந்து வந்தது. காப்பாளர் அதைப் பிடித்தார், பிடித்தபடியே கோட்டுக்கு உள்ளே போய்விட்டார். ஒன்றுக்கு ஒன்று. சமநிலை போதாது, ஐரோப்பியக் கிண்ணம் போச்சு.

மறுநாள் காலை அவர் வரவில்லை. அன்ரி என்னை மேலே அனுப்பினார். "கூட்டிக்கொண்டு வா. தகப்பன் போனடியில பாத்துக்கொண்டிருக்கும்."

"என்னத்தைக் கதைக்கிறது?" என்றபடிதான் இறங்கி வந்தார். அன்ரி ஒரு ரோல்ஸைக் கையில் திணித்து, தின்னவைத்து, எண்ணை என்னையே அழுத்தச் சொன்னார். கிழவர் உடனே எடுத்தார். இரண்டு பக்கமும் மௌனம். காட் கரைந்துகொண்டிருந்தது. அன்ரி மீன் கத்தியை வைத்துவிட்டு, வாயருகே விரல்களைக் குவித்துக் காட்டினார். விக்டர் கண்ணை மூடிக்கொண்டு எதையோ கேட்டார். சாப்பிட்டியளோ என்றுதான் கேட்டிருக்கவேண்டும்.

படார் என்ற சத்தத்துக்காகக் காத்திருந்தோம். வரவில்லை. மெல்லிய குரலில் கிழவர் ஏதோ சொல்லத் தொடங்கினார். விக்டர் எங்கள் பக்கம் திரும்பி, போனைப் பொத்திக்கொண்டு சொன்னார்: "முட்டைக்கோவாச் சூப்பாம். சந்தையில டில் கிடைக்கேல்லையாம். நான் என்ன சாப்பிட்டனான் எண்டு கேக்கிறார்." பிறகு மொஸ்கோவில் இருக்கும் ஒரு ரயில்வேக்காரருக்கு மட்டன் ரோல்ஸ் என்றால் என்னவென்று விளக்க அவர் பட்ட பாடு இருக்கிறதே! கண்ணால் நீர் வடிய விளக்கினார். அன்ரி, வெட்டாத வெங்காயத்தின்மேல் பழியைப் போட்டுத் தானும் துடைத்துக்கொண்டார். உருளைக்கிழங்கை எப்படி அவிப்பது என்று கிழவர் சொல்லிக்கொண்டிருந்த இடத்தில் காட் முடிந்தது.

அந்தப் பனிக்காலம் ஒரு ஞாயிறும் தவறவில்லை. பேச்சில் கால்பந்து கடைசி இடத்துக்குப் போய்விட்டது.

கிழவர் போய்ச் சேர்ந்து கனகாலம். விக்டர் அண்ணை மேற்கே குடிபெயர்ந்துவிட்டார். அன்ரியின் கடை இருந்த இடத்தில் நகத்துக்குச் சாயம் பூசுகிறார்கள். வெளியூர்க் கோல் சட்டத்தையும் எடுத்துவிட்டார்கள். இப்போது என் கைப்பேசியில் உலகத்தில் யாரோடும் விடியும்வரை முகம் பார்த்துப் பேசலாம், பாதியில் எதுவும் அறுவதில்லை. ஆனால் எனக்கு நினைவில் நிற்பது, ஒரு நிமிடமே மிச்சம் என்று சொல்லும் அந்தப் போன் காட்டுப் பெண்ணின் பதிவுக் குரல்தான். அன்றைக்கு உருளைக்கிழங்குப் பேச்சில் போனை வைத்தது தகப்பன் இல்லை, அவள். விக்டர் செத்த போனைக் கையில் வைத்துக்கொண்டு, சிரித்தபடி எங்களிடம் சொன்னார்:

"அவர் இன்னும் சொல்லி முடிக்கேல்லை."