இறக்கி வைக்க முடியாத சட்டி

அத்தையின் மடியில் தீச்சட்டி எரிகிறது. எதிரே மெட்டல் டிடெக்டர் வாசல் விடாமல் கத்துகிறது. அத்தையை நினைத்தால் எனக்கு முதலில் வருவது இந்தக் காட்சிதான். சாமி கும்பிடப் போன இடத்தில் இப்படியொரு இக்கட்டு வரும் என்று அன்று காலையில் யாரும் எதிர்பார்க்கவில்லை.

அத்தை என் அப்பாவின் தங்கை. போடி கடைவீதியில் பாத்திரக்கடை வைத்திருக்கிறாள். சின்ன வயதில் வந்த இளம்பிள்ளைவாதம் கால் இரண்டையும் வாங்கிக்கொண்டு, அந்தப் பலத்தையும் சேர்த்து வாயில் வைத்துவிட்டுப் போனது என்று அப்பா கேலி செய்வார். சித்திரைத் திருவிழாவில் எங்கள் குடும்பம் ஆற்றங்கரையில் தீச்சட்டி வளர்த்துக் கோயிலுக்கு எடுத்துப் போகும். அத்தைக்கும் சட்டி உண்டு. ஆனால் அப்பாவும் சித்தப்பாவும் அவளை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு நடப்பார்கள். வழி நெடுக ஜனம் பார்த்துப் பார்த்து உச்சுக்கொட்டும். அத்தைக்கு அந்தச் சத்தம்தான் வேப்பங்காயாகக் கசக்கும். "நேந்துக்கிட்டது நானு, நடந்து கழிக்கிறது நீங்க. ஆத்தா வரத்த யாருக்குக் குடுப்பா?" என்று வருடம் தவறாமல் கேட்பாள்.

பேட்டரி நாற்காலி வந்த வருடம், இனி தன்னை ஒருவரும் தூக்கக் கூடாது என்று சொல்லிவிட்டாள். மடியில் ஈரச் சாக்கை மடித்துப் போட்டு, அதன்மேல் வேப்பிலை பரப்பி, சட்டியை வைத்துக்கொண்டாள். ஒரு கை சட்டியில், மறு கை நாற்காலியின் விசையில். ஆற்றிலிருந்து கிளம்பியபோது அவள் முகத்தில் இருந்த பெருமையை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. கல்யாணப் பெண்ணுக்குக்கூட அவ்வளவு இருக்காது.

அந்த வருடம்தான் புதிதாக இரும்புத் தடுப்புகளும் வந்திருந்தன. முந்தின வருட நெரிசலில் பிள்ளைகள் மூச்சுத் திணறியதை நாங்களும் பார்த்தவர்கள்தான், அதனால் யாரும் குறை சொல்லவில்லை. வளைந்து வளைந்து போகும் பாதை, அதன் முடிவில் சோதனை வாசல். வாசல் ஒரு ஆள் நுழையும் அகலம். அத்தையின் நாற்காலி அதைவிட அகலம்.

வெளி மாவட்டத்திலிருந்து பந்தோபஸ்துக்கு வந்திருந்த இன்ஸ்பெக்டர் தன்மையாகத்தான் பேசினார். "நாற்காலிய வெளிய விட்டுடுங்கம்மா. உங்க ஆளுங்க உங்கள தூக்கிட்டுப் போகட்டும்."

"தூக்கிட்டுப் போறதுன்னா நான் வீட்டுலயே இருந்திருப்பேனே சார்."

"சரி, அந்தச் சட்டியையாவது கீழ இறக்கி வைங்க. பேசிக்கலாம்."

வரிசை முழுக்கத் திகைத்துப் போனது. ஆற்றில் தீ வளர்த்த சட்டியைக் கோயில் சேரும் முன் தரையில் வைக்கக் கூடாது. எங்கள் பக்கத்தில் கைக்குழந்தைக்குக்கூடத் தெரியும். பக்கத்தில் நின்ற பெண் போலீஸ் எங்கள் பக்கத்துத் தேவாரம் ஊர்க்காரி, அவளுக்கு முகமே வெளிறிவிட்டது. "சார், இறக்கச் சொல்லாதீக சார்" என்று சொந்தப் பேச்சிலேயே பதறினாள்.

அத்தை பதறவில்லை. "ஒண்ணும் அவசரமில்ல சார், நிக்கிறேன். எனக்கென்ன காலா வலிக்கப் போகுது?"

சட்டி கனன்றுகொண்டிருந்தது, மடியில் போட்ட சாக்கின் ஓரம் காயத் தொடங்கியிருந்தது. பின்னால் சட்டி ஏந்தி நின்றவர்களும் இறக்கவும் முடியாமல் தாண்டவும் முடியாமல் நின்றார்கள். அப்பா பொறுக்க மாட்டாமல் குனிந்து நாற்காலியைப் பிடித்தார். "கைய எடுங்க அண்ணே" என்றாள் அத்தை. சத்தமே இல்லாமல்தான் சொன்னாள். அப்பா கையை எடுத்துவிட்டார். அடுத்த நொடி பின்னால் ஒருத்தி குலவையிட்டாள், பிறகு வரிசை முழுக்கக் குலவை. யாரோ ஒரு செம்புத் தண்ணீரைக் கொண்டுவந்து சாக்கை நனைத்தார்கள்.

இன்ஸ்பெக்டர் அந்தத் தீ வரிசையை ஒருமுறை பார்த்தார். பிறகு அவரே தடுப்பின் கட்டை அவிழ்க்கத் தொடங்கினார். பெண் போலீஸ் கைக்கருவியால் அத்தையைச் சோதித்தாள். அதுவும் கத்தியது. "வண்டி பூரா இரும்பு, கத்தாம கொஞ்சவா செய்யும்? போங்க ஆத்தா" என்று சிரித்தாள்.

அத்தை போனாள். திறந்த வழியில் அவளுக்குப் பின்னால் வாக்கர் பிடித்த ஒரு பெரியவர் வந்தார். வளர்ந்த மகனைத் தள்ளுவண்டியில் வைத்து ஒரு தாய் வந்தாள். கண் தெரியாத இருவர் தோள் பிடித்து வந்தார்கள். இவர்களை எந்தத் திருவிழாவிலும் நான் பார்த்ததில்லை. "இவுக எல்லாம் இம்புட்டு நாளா எங்கன இருந்தாக?" என்றேன். அத்தை திரும்பாமலே சொன்னாள், "வெளியதான்."

இப்போதெல்லாம் சோதனை வாசலுக்குப் பக்கத்தில் அகலமான ஒரு வழி விடுகிறார்கள். இந்த வருடம் வெயில் தாங்காமல், துணைக்குப் போகிற சாக்கில் நாங்கள் குடும்பத்தோடு அத்தைக்குப் பின்னால் நுழையப் பார்த்தோம். அவள் நாற்காலியைக் குறுக்கே நிறுத்திவிட்டாள். "ஏலே, எல்லாருக்கும் காலு நல்லாத்தான இருக்கு? அங்கன வரிசையில வாங்க."

வளைவு வளைவாகச் சுற்றி, வியர்த்து விறுவிறுத்து உள்ளே போய்ச் சேர்ந்தோம். அத்தை சட்டியைச் செலுத்தி முடித்து, நெற்றி நிறையத் திருநீறோடு வேப்பமர நிழலில் இருந்தாள். எங்களை மேலும் கீழும் பார்த்தாள்.

"இம்புட்டு நேரமா? யாராச்சும் தூக்கிட்டு வரணுமாக்கும்?"